இழுப்பும் பெருந்தொற்றும்: பாலர் ஆஸ்துமாவைப் பற்றிய ஒரு விசாரணை

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று பிரகடனம் செய்த நாள் முதல், இழுப்புள்ள குழந்தை இருந்த வீடுகளிலெல்லாம் மற்ற வீடுகளுக்கு இல்லாத ஒரு தனிக் கவலை குடிபுகுந்தது. ஆரோக்கியமானவர்களையே மூச்சுத் திணறவைத்துப் பிராணவாயு உருளைக்கு அலையவிடுகிற இந்த வியாதி, பனிக்காற்று பட்டாலே நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிற நம் குழந்தையை என்ன செய்யும் என்பதே அந்தக் கவலை. என் வீட்டிலும் அது இருந்தது. அப்போது எட்டு வயதாகியிருந்த என் பேத்திக்கு மூன்று வயது முதலே ஆஸ்துமா. காலையும் இரவும் பழுப்பு மூடியுள்ள இன்ஹேலரில் ஸ்டீராய்டு மருந்தும், இழுப்பு வரும்போது மட்டும் நீல இன்ஹேலரும் எடுத்துக்கொண்டு, மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஊரடங்கு தொடங்கிய முதல் வாரத்தில் என் மருமகள் கைபேசியை நீட்டி, "மாமா, ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், இந்தச் சமயத்தில் நிறுத்திவிடுவது நல்லதாம், பாருங்கள்" என்றாள். நானும் அதைப் படித்துவிட்டு, தெரியாத விஷயத்தில் தெரிந்தவன்போலத் தலையசைத்தேன். பழுப்பு இன்ஹேலர் அலமாரிக்குப் போயிற்று. ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்க, விலாவெலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழிந்து குழிந்து மீள, "தாத்தா, தண்ணி" என்ற இரண்டு சொற்களை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்திச் சொன்னாள். நீல மருந்தை ஸ்பேசர் என்ற குழலில் வைத்து ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்து, தொலைபேசியில் டாக்டர் சொன்னபடி நிமிஷங்களை எண்ணி, விடியும் வரை நானும் அவள் தாயும் விழித்திருந்தோம். அவளை அன்று வருத்தியது கொரோனா அன்று. கொரோனாவைப் பற்றிய பயம். இந்தக் கேள்வியை நான் நிதானமாக ஆராய முற்பட்டதற்கு அந்த இரவே காரணம்.

அந்தப் பயம் மூடத்தனமானது என்று சொல்லிவிடலாகாது. அதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு வைத்திய ஞானம் நின்றது. குழந்தைகளுக்கு வரும் இழுப்பைத் தூண்டிவிடுபவற்றில் தூசியையும் புகையையும்விட வைரஸ்களே முதன்மையானவை என்பது 1995-இல் இங்கிலாந்தில் சௌதாம்டன் பக்கத்தில் ஒன்பது முதல் பதினோரு வயதுக் குழந்தைகளை ஓராண்டுக்கும் மேலாகக் கவனித்து வந்த ஆராய்ச்சியில் நிரூபணமாயிற்று. அக்குழந்தைகளுக்கு இழுப்பு வந்த சந்தர்ப்பங்களில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தில் ஏதோ ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றுள் பெரும்பான்மை, நாம் சாதாரணமாக ஜலதோஷம் என்று ஒதுக்கிவிடுகிற ரைனோ வைரஸ். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற செப்டம்பர் மாதத்தில் ஆண்டுதோறும் ஆஸ்துமாக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வருவது திடீரென்று பெருகுவதை மேல்நாட்டு வைத்தியர்கள் ஒரு தனிப் பருவமாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக, ஆஸ்துமா உள்ளவர்களின் சுவாசக் குழாய்ச் செல்கள் வைரஸை எதிர்க்கச் சுரக்கவேண்டிய இன்டர்ஃபெரானை ரைனோ வைரஸுக்கு எதிராகக் குறைவாகவே சுரக்கின்றன என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இவ்வளவும் தெரிந்தவர்கள், புதிதாக ஒரு சுவாச வைரஸ் வந்தபோது இக்குழந்தைகளுக்கு ஆபத்து என்று ஊகித்தது நியாயமே. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமும் 2020 மார்ச்சிலேயே மிதமானதும் கடுமையானதுமான ஆஸ்துமாவை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் முதல் செய்திகள் இந்த ஊகத்துக்கு இசையவில்லை. வூஹான் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்கப்பட்ட 140 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட ஆஸ்துமா இருந்ததாகப் பதிவாகவில்லை என்று எழுதியபோது பலரும் வியந்தார்கள். நியூயார்க் வட்டாரத்தில் 5,700 நோயாளிகளைப் பற்றி வெளியான கணக்கில் ஆஸ்துமா உள்ளவர்கள் 9 சதவிகிதம். அது அந்நாட்டு ஜனத்தொகையில் ஆஸ்துமா உள்ளவர்களின் விகிதத்தைப் பெரிதும் ஒத்ததே. வூஹான் கணக்கை நான் முழுதும் நம்ப மாட்டேன். பெருவெள்ளம்போல நோயாளிகள் வந்துகொண்டிருந்த வார்டுகளில் பழைய வியாதிகளை விசாரித்து எழுத யாருக்குப் பொழுது இருந்திருக்கும்? ஆயினும் இரண்டு கண்டங்களிலிருந்தும் வந்த கணக்குகள், எதிர்பார்த்த பேராபத்தைக் காட்டவில்லை என்ற ஒன்றில் உடன்பட்டன.

இதற்குக் காரணம் தேடிப் புறப்பட்டவர்கள் சென்றடைந்த இடம், வைரஸ் உடலுக்குள் நுழையும் வாயில். கொரோனா வைரஸ் ஏ.சி.இ. 2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் புகுகிறது. அந்த வாயில் எவ்வளவு விசாலமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அது நுழையும் என்பது எளிய அனுமானம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில், ஆஸ்துமா ஆராய்ச்சிக்காகவே 2015 முதல் 2018 வரை நான்கு வயதிலிருந்து அறுபது வயது வரையுள்ள 305 பேரின் மூக்கிலிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளை, பெருந்தொற்று வந்தபின் மறுபடி எடுத்துப் பரிசோதித்தார்கள். குழந்தைகளின் மூக்கில் அந்தப் புரதத்துக்கான மரபணுவின் செயற்பாடு மிகக் குறைவாகவும், வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போவதாகவும் தெரிந்தது. 2020-ஆம் ஆண்டிலேயே விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி சென்று, ஒவ்வாமையோடு கூடிய ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மூக்கில் இந்த வாயில் மேலும் குறுகியிருப்பதையும், ஒவ்வாமையின்போது சுரக்கும் இன்டர்லூக்கின் 13 என்ற பொருளே அதைக் குறுக்குவதையும் கண்டார்கள்.

இதன் அருமை விளங்க ரைனோ வைரஸோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவ்வினத்தில் குழந்தைகளை அதிகம் வாட்டுகிற 'சி' என்னும் பிரிவு, சி.டி.எச்.ஆர். 3 என்ற வேறொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு நுழைகிறது. அந்தப் புரதத்தின் ஒரு மரபணு மாற்றமோ கடுமையான பாலர் ஆஸ்துமாவோடு தொடர்புள்ளது என்று டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் 2014-இலேயே கண்டிருந்தார்கள். அதாவது ஒரு வைரஸுக்குக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிற அதே சுவாசக் குழாய், மற்றொன்றுக்குக் கதவைப் பாதி சாத்தியே வைத்திருக்கிறது. 'சுவாச வைரஸ்' என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் கட்டிவிட்டதுதான் முதல் ஊகம் பொய்த்ததற்கு மூலகாரணம் என்று நான் நினைக்கிறேன். பெர்லினில் 2021-இல் நடந்த ஆராய்ச்சியோ, குழந்தைகளின் மூக்குச் செல்கள் பெரியவர்களுடையவற்றைவிட முன்னதாகவே விழித்திருந்து, வைரஸை உணர்ந்தவுடன் இன்டர்ஃபெரானைச் சுரக்கத் தயாராயிருப்பதைக் காட்டிற்று. இவையெல்லாம் மனத்தைக் கவரும் விளக்கங்களே. ஆனாலும் மூக்கில் ஒரு மரபணு குறைவாக வேலை செய்கிறது என்பதும் அந்தக் குழந்தைக்குத் தொற்று வராது என்பதும் ஒன்றல்ல. இந்தத் தூரத்தை வீட்டு வாசலில் நின்று எண்ணிப் பார்த்துத்தான் கடக்கவேண்டும்.

அப்படி எண்ணிப் பார்த்த முயற்சி ஒன்று உண்டு. இந்த விசாரணையில் எனக்கு மிகுந்த மரியாதை ஏற்படுத்தியது அதுதான். அமெரிக்காவின் 12 நகரங்களில் 1,394 குடும்பங்களைச் சேர்ந்த 4,142 பேரை, 2020 மே முதல் 2021 பிப்ரவரி வரை, பெரும்பாலும் தடுப்பூசி எட்டாத அந்தக் காலத்தில், 'ஹீரோஸ்' என்ற பெயரால் ஓர் ஆராய்ச்சி தொடர்ந்து கவனித்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால் நோய் முற்றியவர்கள் மட்டுமே கண்ணில் படுவார்கள் என்பதால், இவர்கள் வீட்டையே ஆராய்ச்சிக் கூடமாக்கினார்கள். குடும்பத்தில் ஒருவர், பெரும்பாலும் தாய், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் மூக்கிலும் குழந்தைகளின் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு மாதிரி எடுத்து அஞ்சலில் அனுப்பினாள். காய்ச்சலும் இருமலும் இல்லாத நாளிலும் சளைக்காமல் அனுப்பினாள். ஆரோக்கியமாக ஓடியாடும் குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து மூக்கில் குச்சி விடுவது எவ்வளவு பாடு என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தத் தாய்மார்களின் பொறுமையால்தான் 2022-இல் உலகத்துக்கு விடை கிடைத்தது.

அந்த விடை இதுதான்: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, அது ஒவ்வாமை வகையாயினும் வேறு வகையாயினும், கொரோனா தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. குறைவாகவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆஸ்துமா ஒரு கவசம் என்று இடையில் எழுந்த பேச்சுக்கும் இங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொற்று ஏறக்குறையப் பாதியாக இருந்தது விசித்திரம். அதற்கு உடலின் தன்மை காரணமோ, ஒவ்வாமைக்குப் பயந்து அவர்கள் வெளியே உண்ணாமலிருந்தது காரணமோ என்று இன்னமும் வாதிக்க இடமுண்டு. உடற்பருமன் தொற்றைக் கூட்டிற்று. குழந்தைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், நூற்றுக்குப் பதினான்கு பேர் வீதம், தொற்றுக்கு ஆளானார்கள். ஆனால் தொற்றுண்ட குழந்தைகளில் நான்கில் மூன்று பங்குக்கு ஓர் அறிகுறியும் இல்லை.

ஆகவே, தொற்றுமா என்ற கேள்விக்கு விடை ஒருவாறு கிடைத்துவிட்டது. ஆனால் பெற்றோர்கள் மனத்தில் உண்மையில் இருந்தது அந்தக் கேள்வி அன்று. தொற்றினால் என்ன ஆகும் என்பதே. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான், 'ஆஸ்துமாவுக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தமில்லை' என்று ஒரு சாராரும் 'பேராபத்து' என்று மற்றொரு சாராரும், இருவருமே பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் வழக்காடினார்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஸ்காட்லாந்து விடை சொல்லிற்று. ஒவ்வொரு பிரஜையின் வைத்தியக் குறிப்பும் ஒரே எண்ணின் கீழ் இணைந்திருக்கிற சிறிய நாடு அது. அதனால் சில குடும்பங்களை மட்டுமின்றி ஒரு தேசத்தின் பாலர் அனைவரையுமே கணக்கில் கொண்டுவர முடிந்தது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள 7,52,867 பேரில் 63,463 பேருக்கு வைத்தியர் உறுதிசெய்த ஆஸ்துமா இருந்தது. அவர்களில் தொற்று உறுதியானவர்கள் 4,339 பேர். அந்த 4,339 பேரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் 67 பேர், அதாவது நூற்றுக்கு ஒன்றரை. ஆஸ்துமா இல்லாதவர்களில் தொற்றுண்ட 40,231 பேரில் சேர்க்கப்பட்டவர்கள் 382 பேர், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் உண்டு, ஆனால் இரண்டு எண்களுமே சிறியவை. தொற்றுண்ட ஆஸ்துமாக் குழந்தைகள் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் வீட்டிலேயே குணமானார்கள் என்று இதையே திருப்பிச் சொல்லியிருந்தால் எத்தனையோ தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்து ஆராய்ச்சியின் சாரம் இந்தச் சராசரியில் இல்லை. அவர்கள் அந்தச் சராசரியைப் பிளந்து பார்த்ததில் இருக்கிறது. ஆஸ்துமாக் குழந்தைகளை ஒரே கூட்டமாக எண்ணாமல், கடந்த இரண்டு ஆண்டுகளில் இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு முறையோ அதற்கு மேலோ எடுக்க நேர்ந்தவர்கள், இவை எதுவும் இல்லாதவர்கள் என்று பிரித்தார்கள். முதல் வகையினருக்குக் கொரோனாவால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வாய்ப்பு ஆஸ்துமாவே இல்லாத குழந்தைகளைவிட ஆறு மடங்குக்கு மேல். இரண்டாம் வகையினருக்கு மூன்று மடங்குக்கு மேல். வியாதி கட்டுக்குள் இருந்த மூன்றாம் வகையினருக்கோ மிகச் சொற்பமான அதிகரிப்பே. அந்த மூன்றாம் வகையினரிடம் காணப்பட்ட சொற்பத்திலும் ஒரு பகுதி, ஆஸ்துமாக் குழந்தை என்றால் எதற்கும் ஓர் இரவு வார்டில் இருக்கட்டும் என்று டாக்டர் எடுக்கும் முன்ஜாக்கிரதையால் வந்ததாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பிரிட்டனில் தடுப்பூசியை எந்தக் குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நிபுணர் குழுவுக்கு இந்தக் கணக்கு பெரிதும் உதவிற்று.

இப்போது என் வீட்டு அலமாரிக்குப் போன பழுப்பு இன்ஹேலரை நினைத்துப் பாருங்கள். ஆஸ்துமா என்னும் வியாதியைவிட, அது கட்டுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு குழந்தை எந்த வகையில் நிற்கும் என்பதை நிர்ணயிக்கிறது. அந்தக் கட்டோ தினமும் இழுக்கிற அந்த மருந்தால் வருவது. மூன்றாம் வகையில் நின்ற குழந்தையை, எதிர்ப்புச் சக்தியைக் காப்பதாக எண்ணி, நாங்களே கையைப் பிடித்து முதல் வகையை நோக்கி நடத்திச் சென்றோம். மாத்திரையாகவோ ஊசியாகவோ மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டும், மைக்ரோகிராம் கணக்கில் சுவாசக் குழாயின் சுவரில் மட்டும் படியும் ஸ்டீராய்டும் பெயரால் ஒன்று, செயலால் வெகுதூரம். சர்வதேச ஆஸ்துமா நிபுணர் குழுவான 'ஜினா' தொடக்க மாதங்களிலேயே, எந்தக் காரணத்தாலும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தவேண்டாம் என்று அறிவித்தது. ஆனால் அந்தக் குரல் எங்கள் கைபேசிக்கு வந்து சேரவில்லை.

பிற்பாடு நடந்த ஒன்றை அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சுவாச வியாதி உள்ளவர்கள் கொரோனா வார்டுகளில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பது ஏன், அவர்கள் இழுக்கும் மருந்துதான் காக்கிறதோ என்று ஆக்ஸ்ஃபோர்டு வைத்தியர்கள் யோசித்து, நோய் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் இருந்த 146 பெரியவர்களில் பாதிப் பேருக்கு, எந்த மருந்துக்கு நாங்கள் பயந்தோமோ அந்தப் பியூடிசொனைடையே இன்ஹேலரில் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண கவனிப்பில் இருந்த 73 பேரில் 11 பேருக்கு அவசர வைத்தியம் தேவைப்பட்டது. மருந்து இழுத்த 73 பேரில் இருவருக்கே தேவைப்பட்டது. சிறிய பரிசோதனைதான், அதுவும் பெரியவர்களிடம் நடந்தது. இதைக் கொண்டு குழந்தைகளுக்குக் கொரோனா மருந்தாக இன்ஹேலர் கொடுக்கச் சொல்ல முடியாது. அந்த மருந்து இழுப்பவரைக் கொரோனாவுக்குக் காவு கொடுக்காது என்ற அளவுக்கு நிச்சயமாகச் சொல்லலாம்.

ஊரடங்கு மாதங்களில் உலகம் முழுதும் இன்னொரு காரியமும் நடந்தது. ஆஸ்துமாக் குழந்தைகள் இழுப்போடு ஆஸ்பத்திரிக்கு வருவது திடீரென்று குறைந்தது. பிலடெல்பியாவின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 2020 மார்ச்சு நடுவுக்குப் பின் ஆஸ்துமாவுக்காக நேரில் வந்தவர்கள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தார்கள். பயத்தால் வராதவர்கள் உண்டு. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரைச் சீட்டுகளும் அதே அளவில் குறைந்ததால், நோயே குறைந்தது என்றுதான் கொள்ளவேண்டும். வாகனப் புகை நின்றதால் என்று சொல்ல அங்கே இடமில்லை. காற்றின் மாசு முந்தைய ஆண்டுகளைவிட விசேஷமாகக் குறையவில்லை என்பதை அளந்து பார்த்தார்கள். பள்ளிகள் மூடிக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் ஜலதோஷம் கொடுத்து வாங்குவது நின்றதே முக்கியக் காரணம். பள்ளி திறந்ததும் ரைனோ வைரஸ் திரும்பிற்று; இழுப்பும் அதன் பின்னே திரும்பிற்று.

இந்த முடிவுகளுக்கெல்லாம் ஒரு காலவரம்பு உண்டு என்பதை மறக்கலாகாது. ஹீரோஸ் ஆராய்ச்சி முடிந்தபின் வைரஸ் உருமாறிக்கொண்டே போயிற்று. 2021 டிசம்பரில் ஹாங்காங் சர்வகலாசாலையினர், ஒமிக்ரான் என்ற உருவம் மூச்சுக் குழாய்த் திசுவில் டெல்டாவைவிட ஒரே நாளில் ஏறக்குறைய 70 மடங்கு பெருகுவதையும், நுரையீரல் திசுவில் அதற்கு மாறாக மிகவும் மந்தமாகப் பெருகுவதையும் அறிவித்தார்கள். நுரையீரலை விட்டு மூச்சுக் குழாய்க்கு வந்த வைரஸ் பெரியவர்களுக்கு நல்லதாயிற்று. ஆனால் ஆஸ்துமாவின் வாசஸ்தலமே மூச்சுக் குழாய் அல்லவா? கலிபோர்னியாவில் ஆஸ்துமாக் குழந்தைகளைக் கவனித்தவர்களும், தொற்றுக்கு ஆளானவர்களின் ஆஸ்துமா அடுத்த ஆறு மாதங்களில் தொற்றாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது என்றே எழுதினார்கள். ஆதலால் 2020-இல் கிடைத்த நிம்மதியை அப்படியே எடுத்து எல்லா உருவங்களுக்கும் பூசிவிட முடியாது.

நம் தேசத்தில் இந்தக் கேள்வியின் கனம் வேறு. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 சதவிகிதம் இந்தியர்கள்; ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ 40 சதவிகிதத்துக்கு மேல் இந்தியர்கள் என்று மதிப்பிடுகிறார்கள். வியாதியின் கொடுமையைவிட, கட்டுக்குள் வைக்காமையே இந்த இடைவெளியை உண்டாக்கியிருக்கிறது. ஆஸ்துமா என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கமாட்டார்கள்; 'கொஞ்சம் வீசிங்' என்பார்கள், 'சளி கட்டியிருக்கு' என்பார்கள், பெண் குழந்தையாயிருந்தால் இன்ஹேலரை விருந்தாளி வரும்போது ஒளித்துவைப்பார்கள். தினசரி மருந்தை விட்டுவிட்டு, முற்றியபின் கிளினிக்குக்கு ஓடி நெபுலைசர் வைத்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. பெருந்தொற்றின்போது அந்த நெபுலைசரே வைரஸைக் காற்றில் பரப்பக்கூடும் என்று தவிர்க்கச் சொன்னபோது, ஸ்பேசரும் இன்ஹேலரும் இல்லாத வீடுகள் கதியற்று நின்றன. ஸ்பேசர் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஒரு மார்க்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை வைத்தியர், குடித்தெறிந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குச் சூட்டால் துளையிட்டு, அதைச் செருகி, சுற்றிலும் பசையால் அடைத்துக் கொடுத்தால், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக அது மருந்தைக் கொண்டு சேர்க்கிறது என்று முறையான பரிசோதனையால் 1999-இலேயே நிரூபித்துவிட்டார்.

2022 ஜனவரியில் கொரோனா எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. பேத்திக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி. காலையும் இரவும் பழுப்பு மருந்து தவறவில்லை, நீல மருந்துக்கு வேலை வரவில்லை. ஒரு குழந்தையின் அனுபவம் சாட்சியாகாது என்பதை அறிவேன். அப்போது இரண்டு வயதாயிருந்த அவள் தம்பிக்கும் தொற்றியது. மருமகளின் அடுத்த கவலை அவனைப் பற்றியது. "இதனாலே இவனுக்கும் இழுப்பு வந்துடுமா மாமா?" என்று கேட்டாள். கைக்குழந்தைப் பருவத்தில் ரைனோ வைரஸும் ஆர்.எஸ். வைரஸும் கடுமையாகத் தாக்கினால் பின்னால் ஆஸ்துமா வருவது பலகாலமாக அறிந்த விஷயமாதலால், அந்தக் கேள்வி நியாயமானதே. இம்முறை தலையசைக்காமல், தெரியாது என்று சொன்னேன். பின்னர் பிலடெல்பியாவிலிருந்தே விடை வந்தது: பரிசோதனை செய்துகொண்ட 27,423 குழந்தைகளை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்ததில், கொரோனா தொற்றியவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வருவது மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. குறைமாதப் பிறப்பும் உணவு ஒவ்வாமையும் ஒவ்வாமைச் சளியும்தான் அங்கேயும் பழையபடி அடையாளங்களாக நின்றன. அதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். தம்பி நிறைமாதத்தில் பிறந்தவன். வேர்க்கடலையும் முட்டையும் தின்கிறான். இதுவரை அவன் நெஞ்சில் விசில் கேட்கவில்லை.